நகைக்கு ஊர் எது?

கோத்த கை இங்கே. மணி வந்தது கடல் கடந்து. ‘எந்த நாட்டுப் பொருள்?’ என்று கேட்கும் இணையச் சந்தை, பதிலுக்கு ஒரே ஒரு நாட்டின் பெயரைத்தான் ஏற்கிறது. அந்த ஒற்றைப் பதிலில் அடிபடுவது யார்?

மார்கழி மாலை. சென்னையில் ஒரு சபாவின் ஒப்பனை அறை. ஆடப்போகும் பெண்கள் கண்ணுக்கு மை தீட்டிக்கொண்டிருக்கிறார்கள். நாற்காலிகளின் மேல் இரண்டு நகைப்பெட்டிகள் திறந்திருக்கின்றன. இரண்டிலும் தலைசாமான்: நெற்றிச்சுட்டி, சூரியப்பிறை, சந்திரப்பிறை, ராக்கொடி. இரண்டிலும் அதே கெம்புச் சிவப்பு, அதே பச்சை, அதே பொன்னிறம். மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து பார்க்கிறவருக்கு வேறுபாடு தெரியவே தெரியாது.

திருப்பிப் பார்த்தால் தெரியும். ஒரு நெற்றிச்சுட்டியின் முதுகில் கையால் வெட்டி இழைத்த வெள்ளித் தகடு. உள்ளே அரக்கு நிரப்பி, ஒவ்வொரு கல்லாகப் பதித்து, கல்லைச் சுற்றித் தங்க ரேக்கு அழுத்தியிருக்கிறார்கள். மற்றது அச்சில் வார்த்தது. மேலே முலாம், கல்லுக்குக் கீழே பசை. விலையில் பல மடங்கு வித்தியாசம். ஆனால் அழகான அட்டை இருப்பது இரண்டாவது பெட்டியில்தான்: ‘டெம்பிள் ஜுவல்லரி, கைவேலை, மேட் இன் இந்தியா.’ நாகர்கோவில் வடசேரியிலிருந்து வந்த முதல் பெட்டியில் பஞ்சும் பட்டறை பில்லும் மட்டும்.

இந்த இரண்டு பெட்டிகளும் நாளை ஒரே இணையக் கடையில் பக்கத்தில் பக்கத்தில் வந்து நிற்கும். வாங்குகிறவர் ‘இந்தியப் பொருள் மட்டும்’ என்று வடிகட்டித் தேடினால் இரண்டுமே மேலே வரும். அப்படி நாடு வாரியாகத் தேடவும் வரிசைப்படுத்தவும் இணையச் சந்தைகள் வசதி தர வேண்டும் என்கிற வரைவு விதியை மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2025 நவம்பரில் வெளியிட்டது. நோக்கம் நல்லது. ஆனால், கைவேலை நகை என்று வரும்போது அந்த வடிகட்டி எதைப் பிடிக்கும், எதைத் தவறவிடும் என்பதை இப்போதே பேசியாக வேண்டும்.

சட்டம் கேட்பது என்ன?

பொட்டலப் பொருள்களுக்கான சட்டமுறை எடையளவு விதிகள் 2011-ல் வந்தவை. 2017-ல் கொண்டுவந்த திருத்தம், இறக்குமதிப் பொருளின் பொட்டலத்தில் அது உருவான அல்லது தயாரான அல்லது ஒன்றுசேர்க்கப்பட்ட நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்றது. 2018 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. 2020 ஜூனில் லடாக் எல்லை மோதலுக்குப் பிறகு சீனப் பொருள்களைப் பற்றிய பேச்சு வீட்டுக்கு வீடு சூடுபிடித்தது. அடுத்த மாதமே வந்த மின்வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகள், இணையத்தில் விற்பவர் பொருளின் நாட்டைச் சொல்லியாக வேண்டும் என்றன.

முழுதாகச் செய்து கப்பலில் வந்து இறங்கும் சங்கிலிக்கு இந்த விதி தெளிவாகப் பொருந்தும். செக் நாட்டுக் கண்ணாடி மணி, சீனக் கொக்கி, உள்ளூர் நூல், மதுரைக்காரப் பெண்ணின் விரல்கள் என்று நான்கும் சேர்ந்த மாலைக்கு? எவ்வளவு வேலை இங்கே நடந்தால் அது இந்தியப் பொருள் என்று இந்த நுகர்வோர் விதிகள் வரையறுத்துச் சொல்லவில்லை. விற்பவர் முன்னால் இருப்பது ஒரு கட்டம், அதில் எழுத ஒரு நாடு.

வெளியூர்ச் சரக்கு நமக்குப் புதிதா?

‘எல்லாமே இங்கேயே கிடைத்ததாக இருந்தால்தான் நம் நகை’ என்று ஒரு கோடு போட்டால், தமிழரின் நகைப்பெட்டியில் மிஞ்சுவது மிகக் கொஞ்சம். நொய்யல் கரைக் கொடுமணலில் இரண்டாயிரம் ஆண்டுக்கு முன்பே மணிப் பட்டறைகள் நடந்தன. அங்கே உள்ளூர்ப் பச்சைக்கல்லோடு குஜராத் பக்கத்துச் சூதுபவளமும் ஆப்கானிஸ்தானத்து நீலக்கல்லும் அகழாய்வில் கிடைத்திருக்கின்றன. பவளம் மத்தியதரைக் கடலிலிருந்து வந்தது. நல்ல கெம்பு பர்மாவிலிருந்து வந்தது.

தங்கத்தின் கதையும் அதுதான். கோலார் தங்கவயல் 2001-ல் மூடப்பட்டது. கர்நாடகத்தின் ஹட்டி சுரங்கம் தருவது நம் தேவையில் ஒரு துளி. ஆண்டுதோறும் பல நூறு டன் தங்கத்தை இந்தியா வெளியிலிருந்து வாங்குகிறது. தாலிக்குரிய பொன்னே இறக்குமதி என்பதால் தாலி வெளிநாட்டுப் பொருள் ஆகிவிடுமா? ஆகாது. அதை உருக்கி, கம்பி இழுத்து, பத்தவைத்து, மெருகேற்றிக் கொடுத்த பத்தரின் வேலைதான் அதை நகையாக்கியது.

ஆகவே இறக்குமதிச் சரக்கைப் பழிப்பதில் நியாயம் இல்லை. பழிக்க வேண்டியது மறைப்பை. முழுதாகச் செய்து வந்த மாலைக்குக் கொக்கியை மட்டும் மாற்றி ‘கைவேலை’ என்று விற்பதும், மணியை மட்டும் வாங்கி ஒரு மாலை முழுக்கத் தன் கையால் பின்னுவதும் ஒரே பெயரில் சந்தைக்கு வருகின்றன. அங்கேதான் அநியாயம் தொடங்குகிறது.

▣ பெட்டிச் செய்தி: ஹால்மார்க் எதைச் சொல்லும், எதைச் சொல்லாது?

• 2023 ஏப்ரல் 1 முதல், ஹால்மார்க் கட்டாயமான தங்க நகைகளை ஆறு இலக்க எச்.யு.ஐ.டி. அடையாளம் இல்லாமல் விற்கக் கூடாது.
• வெள்ளிக்கு இந்த அடையாளம் 2025 செப்டம்பரில், விருப்பத்தின் பேரில் அறிமுகமானது.
• நகையில் இருப்பவை மூன்று குறிகள்: பி.ஐ.எஸ். முத்திரை, தூய்மை அளவு, எச்.யு.ஐ.டி. எண்.
• உலோகம் எவ்வளவு சுத்தம் என்பதற்கு இவை சாட்சி. நகையைச் செய்தது கையா இயந்திரமா, கல் எந்த நாட்டுக்கல் என்பதற்குச் சாட்சி இல்லை.
• கடை பில்லில் செய்கூலி, சேதாரம் என்று வரிகள் இருக்கும். அந்தக் கூலி யாருடைய கைக்குப் போனது என்று எழுத ஒரு வரி இருக்காது.

வடசேரி: பெயருக்குக் காப்பு, வேலைக்குக் காப்பு இல்லை

கோயில் விக்கிரகங்களுக்கு நகை செய்த கைகள், பின்னாளில் பரதநாட்டிய மேடைக்கும் செய்தன. அந்த மரபுக்கு இன்று வடசேரிதான் முகவரி. ‘நாகர்கோவில் கோயில் நகை’ என்ற பெயர் 2007-08-ல் புவிசார் குறியீடு பெற்றது. அந்தப் பெயரைப் பொய்யாகப் பயன்படுத்தினால் ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை, ஐம்பதாயிரம் முதல் இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம் என்கிறது சட்டம்.

கேட்க வலுவாக இருக்கிறது. ஆனால் அந்தச் சட்டம் காப்பது ஒரு பெயரைத்தான். அச்சில் வார்த்து விற்கிறவர் ‘நாகர்கோவில்’ என்று எழுதுவதே இல்லை. ‘டெம்பிள் ஜுவல்லரி’ என்று பொதுவாக எழுதினால் போதும், வாங்குகிறவர் மனத்தில் அதே மரபு வந்து உட்கார்ந்துகொள்கிறது. பெயரைத் தொடாமலே பெயரின் பலன் முழுவதையும் எடுத்துக்கொள்ள முடிகிறது.

இன்னொரு சிக்கலும் உண்டு. வடசேரிப் பட்டறையில் பதிக்கும் கற்களில் பெரும்பாலானவை இன்று செயற்கைக் கற்கள். அவை வியாபாரிகள் பலரின் கைமாறி வருபவை. ‘மூலப்பொருள் முழுவதும் இந்தியாவைச் சேர்ந்தது’ என்று நாளைக்கு ஒரு முத்திரை வந்தால், கல்லின் ஊரைக் காட்ட முடியாத அசல் கைவேலைக்காரர் அதைப் பெற முடியாமல் போகலாம். உள்ளூர்ப் பித்தளையை அச்சில் வார்த்து, உள்ளூர்க் கண்ணாடியை ஒட்டியவருக்கு அது கிடைத்துவிடும். மூலப்பொருளை மட்டும் எண்ணுகிற முத்திரை, கையைத் தண்டிக்கும்.

திருச்சியில் நடந்தது

செயற்கைக் கல்லுக்குப் பட்டை தீட்டும் தொழில், திருச்சி, புதுக்கோட்டை வட்டாரத்துக் கிராமங்களில் ஒரு காலத்தில் வீட்டுக்கு வீடு நடந்தது. சுழலும் சாணையில் ஒரு பொட்டுக் கல்லைப் பிடித்து, கண் அளவிலேயே கோணம் பார்த்துத் தீட்டுவது லேசான வேலை இல்லை. சீனாவின் வூச்சோ நகரம் இயந்திரத்தில் தீட்டிய கல்லை ஒரே அளவில், மலைமலையாக அனுப்பத் தொடங்கியதும் இந்தக் கிராமங்களில் கூலி தேய்ந்தது. அடுத்த தலைமுறை வேறு வேலைக்குப் போயிற்று.

மலிவான பொருள் வந்தால் பழைய தொழில் அசைவது உலக வழக்கம்தானே என்று சொல்லலாம். ஆனால் இங்கே வாங்குகிறவருக்குத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பே கிடைக்கவில்லை. கடையில் தோடு வாங்கிய யாருக்கும், அந்தக் கல் திருச்சியில் கையால் தீட்டியதா, வூச்சோவில் இயந்திரம் தீட்டியதா என்று சொல்லும் ஒரு சீட்டு இருந்ததில்லை. தெரிந்து வேறொன்றை விரும்பினார்கள் என்றால் அது சந்தையின் முடிவு. தெரியாமலே ஒரு தொழில் கைவிடப்பட்டது என்றால், அது சீட்டு இல்லாததன் விளைவு.

மணி கோக்கும் வீடுகள்

பட்டறைக்கு வெளியே இன்னொரு பெரிய உலகம் இருக்கிறது. பிள்ளைகள் பள்ளிக்குப் போன பிறகு, சாப்பாட்டு மேசையில் தட்டுகளைப் பரப்பி மணி கோக்கும் பெண்கள். சில்க் த்ரெட் வளையல், டெரகோட்டா ஜிமிக்கி, கிரிஸ்டல் மாலை. இன்ஸ்டாகிராமிலும் மீஷோவிலும் விற்பனை. இவர்களுக்கான சரக்கு சென்னையில் பாரிமுனையின் காசிசெட்டித் தெரு, சௌகார்பேட்டைச் சந்துகள் போன்ற இடங்களில் கிடைக்கிறது. ஜப்பானின் சிறுமணி, செக் கண்ணாடி, சீனக் கிரிஸ்டல், கியர் வயர், ஐ பின், கொக்கி என்று எல்லாமே உதிரிதான்.

நாடு காணாமல் போவது இந்தக் கடைகளில்தான். இறக்குமதியாளரின் அட்டைப்பெட்டியில் நாட்டின் பெயர் இருக்கும். மொத்த வியாபாரி பெட்டியைப் பிரித்துப் பொட்டலம் போடுகிறார். சில்லறைக் கடைக்காரர் பொட்டலத்தைப் பிரித்துச் சரமாகவும் கிராமாகவும் விற்கிறார். கடைசியாக அந்தப் பெண்ணின் கைக்கு வரும்போது மணியோடு ஒரு பிளாஸ்டிக் உறை, அதன் மேல் பேனாவால் எழுதிய விலை, அவ்வளவுதான். தெரிந்துகொள்ள வழியே இல்லாத ஒன்றைச் சொல்லும் பொறுப்பு, சங்கிலியின் கடைசியில் இருப்பவர் தலையில் விழுகிறது.

சரக்கும் நிலையாக இருப்பதில்லை. ஆஸ்திரியாவின் ஸ்வரோவ்ஸ்கி நிறுவனம், கைவினைஞர்களுக்கு உதிரிக் கிரிஸ்டல் விற்பதிலிருந்து விலகும் முடிவை 2020-ல் எடுத்தது. அதை நம்பி மாலை செய்தவர்கள் வேறு கல்லுக்கு மாற வேண்டியிருந்தது. கல்லின் நாடு மாறினால், பழைய படத்துக்குக் கீழே எழுதியிருக்கும் விவரமும் மாற வேண்டும். அதைக் கேட்கவும் சரிபார்க்கவும் ஆள் இல்லை.

இந்த நிலையில் நாடு வாரியான வடிகட்டி வந்தால் என்ன ஆகும்? ‘மணி சீனா, வேலை மதுரை’ என்று மனசாட்சிப்படி எழுத நினைக்கும் பெண்ணுக்கு அதற்கான இடமே இல்லை. ‘சீனா’ என்று போட்டால், இந்தியப் பொருள் தேடுகிறவர் கண்ணில் அவர் படவே மாட்டார். ‘இந்தியா’ என்று போட்டால் உள்ளுக்குள் உறுத்தும். பொய் சொல்லக் கூசாத போட்டியாளர், முழுச் சீன மாலைக்கும் ‘இந்தியா’ என்று போட்டு முதல் பக்கத்தில் இருப்பார். உண்மை சொல்கிறவர் இழப்பதற்கும் பொய் சொல்கிறவர் ஜெயிப்பதற்கும் வழிசெய்யும் விதி, எவ்வளவு நல்ல எண்ணத்தில் எழுதப்பட்டிருந்தாலும், திருத்தப்பட வேண்டிய விதி.

▣ பெட்டிச் செய்தி: அமெரிக்காவில் எப்படி?

• ‘கைவேலை’: மத்திய வணிக ஆணையத்தின் நகை வழிகாட்டி நெறிகள், மூலப்பொருளிலிருந்து தொடங்கி உருக்கொடுப்பது முழுவதும் கையாலும், கை கட்டுப்படுத்தும் கருவிகளாலும் நடந்தால்தான் இந்தச் சொல்லைப் பயன்படுத்தலாம் என்கின்றன. தகடும் கம்பியும் மூலப்பொருளாக ஏற்கப்படுகின்றன.
• ‘மேட் இன் யு.எஸ்.ஏ.’: எந்த அடைமொழியும் இல்லாமல் இப்படிப் போட, பொருள் ‘முழுவதும் அல்லது கிட்டத்தட்ட முழுவதும்’ அந்த நாட்டில் உருவாகியிருக்க வேண்டும். 2021-ல் இது விதியாகவே வந்தது.
• பூர்வகுடிப் பாணி நகை: இறக்குமதியானால், நாட்டின் பெயரை அழியாதபடி உலோகத்திலேயே பொறிக்க வேண்டும் என்பது பொது விதி. ஒட்டுத்தாள் போதாது.
• பூர்வகுடியினர் செய்தது என்று பொய் சொல்லி விற்பது 1990-ம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். முதல் முறை பிடிபடும் தனிநபருக்கு இரண்டரை லட்சம் டாலர் வரை அபராதம், ஐந்து ஆண்டு வரை சிறை. பிலிப்பைன்ஸில் செய்த நகைகளை அப்படி விற்ற நியூ மெக்சிகோ வணிகர் ஒருவருக்கு 2018-ல் ஆறு மாதச் சிறை விதிக்கப்பட்டது.

கடல் தாண்டும் பொட்டலம்

நியூ ஜெர்சியிலும் டொரான்டோவிலும் அரங்கேற்றம் செய்யும் தமிழ்ப் பிள்ளைகளின் தலைசாமானும் ஜடையும் ஒட்டியாணமும் பெரும்பாலும் இங்கிருந்துதான் போகின்றன. 800 டாலர் வரை மதிப்புள்ள பொட்டலங்களுக்குச் சுங்கவரி இல்லை என்ற சலுகையை அமெரிக்கா 2025 ஆகஸ்ட் 29-ல் எல்லா நாடுகளுக்கும் நிறுத்தியது. அதையொட்டி, அமெரிக்காவுக்கான பெரும்பாலான அஞ்சல் சேவையை இந்திய அஞ்சல் துறை நிறுத்திவைத்து, அக்டோபரில்தான் மீண்டும் தொடங்கியது. இடைப்பட்ட வாரங்களில் தபாலை நம்பிய சிறு விற்பனையாளர்களுக்கு அந்த வழி அடைபட்டது.

வழி திறந்த பிறகும் ஒன்று மாறிவிட்டது. பொருள் எந்த நாட்டுடையது என்பதைப் பொறுத்துத்தான் வரி. நேற்றுவரை யாரும் பெரிதாகப் பார்க்காத அந்தக் கட்டம், இன்று காசு பேசுகிறது. சுங்கத்துறை கேட்பது சில்லறைக் கடைக் கேள்வியைவிடக் கடினமானது. இங்கே நடந்த வேலையால் பொருள் புதிய பெயரும் தன்மையும் பயனும் உள்ள வேறொரு பொருளாக மாறியதா என்று பார்க்கிறது. வெள்ளித் தகடு நெற்றிச்சுட்டி ஆனால் மாறியது. சீன மணிகளை நூலில் கோத்துக் கொக்கி மாட்டினால்? வெறும் கோத்தல் போதாது என்பதே அமெரிக்கச் சுங்கத்துறை எடுத்துவரும் நிலை. இது தெரியாமல் ‘இந்தியா’ என்று எழுதி அனுப்பும் வீட்டுத் தொழில்காரர், தான் தவறு செய்வதை உணராமலே சிக்கலில் மாட்டிக்கொள்ளலாம்.

நம் சுங்கத்துறைக்கும் இந்தக் கணக்கு தெரியும். ஆசியான் நாடுகளுடனான ஒப்பந்தத்தில் வரிச்சலுகை பெற, பொதுவாக 35 சதவீத உள்மதிப்பும், சுங்கப் பட்டியலில் வகை மாற்றமும் தேவை. பொய் உரிமைகோரல்களைப் பிடிக்கவே 2020-ல் தனி விதிகள் வந்தன. இறக்குமதியாளர் வெறும் சான்றிதழைக் காட்டினால் போதாது, பொருள் எப்படி உருவானது என்ற விவரத்தையும் கையில் வைத்திருக்க வேண்டும்.

அரசு தனக்கு வாங்கும்போது மட்டும்

அரசு அலுவலகங்களுக்குப் பொருள் வாங்கும் ‘ஜெம்’ இணையச் சந்தையில், 2020 ஜூன் முதல் விற்பவர் நாட்டைச் சொல்வது கட்டாயம். அதோடு நிற்கவில்லை. உள்நாட்டுப் பங்கு எத்தனை சதவீதம் என்பதைக் காட்டவும் அங்கே வழி செய்தார்கள். கொள்முதல் ஆணையின்படி, 50 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் முதல் வகை, 20 முதல் 50-க்குள் இருந்தால் இரண்டாம் வகை. பாதி இங்கே, பாதி அங்கே என்று ஒரு பொருள் இருக்க முடியும் என்பதை அரசு தன் பர்ஸை எடுக்கும்போது ஒப்புக்கொள்கிறது. பொதுமக்கள் பர்ஸை எடுக்கும்போது அதே தெளிவை ஏன் தரக் கூடாது?

மற்ற நாடுகளில் முன்மாதிரியும் இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் பெரும்பாலான உணவுப் பொட்டலங்களில் 2018 ஜூலை முதல் ஒரு சிறிய பட்டை வரைபடம் கட்டாயம். இங்கே தயாரானது, மூலப்பொருளில் இத்தனை சதவீதம் உள்நாட்டுடையது என்று ஒரே பார்வையில் சொல்லிவிடும். இரண்டு உண்மைகளையும் ஒரு சின்னச் சீட்டில் அடக்க முடியும் என்பதற்கு அதுவே நிரூபணம்.

இரண்டு வரி போதும்

கைவேலை நகைக்கு வேண்டியது நீண்ட படிவம் இல்லை. இரண்டே வரிகள். முதல் வரி: செய்த ஊர், செய்த விதம். இரண்டாம் வரி: முக்கியமான பொருள்கள் வந்த நாடு. ‘வடசேரியில் கையால் செய்தது, வெள்ளி, தங்க ரேக்கு, செயற்கைக் கல்.’ ‘மதுரையில் கையால் கோத்தது; செக் கண்ணாடி மணி, சீனக் கொக்கி.’ படிக்கிறவருக்குப் புரியும். எழுதுகிறவருக்குக் கூச்சம் வேண்டாம்.

இது நடக்க மூன்று மாற்றங்கள் தேவை. ஒன்று, இணையச் சந்தையின் வடிகட்டியில் ‘இங்கே செய்தது, சரக்கு வெளிநாடு’ என்ற மூன்றாவது வகை வேண்டும். அதில் வருகிறவர்களைப் பின்பக்கத்துக்குத் தள்ளக் கூடாது. இரண்டு, நாட்டின் பெயர் இறக்குமதியாளரின் பில்லிலிருந்து மொத்த வியாபாரி, சில்லறைக் கடை என்று ஒவ்வொரு பில்லிலும் தொடர வேண்டும். கடைசியில் இருக்கும் பெண்ணிடம் மட்டும் கேட்பது நியாயமே இல்லை. மூன்று, ‘கைவேலை’ என்ற சொல்லுக்குச் சட்டத்தில் ஒரு வரையறை வேண்டும். கைத்தறிக்கு 2006-லேயே தனிக் குறி கொடுத்த நாடு, கைநகைக்கும் கொடுக்கலாம்.

சிறு தொழிலுக்கு இது கூடுதல் சுமை என்பார்கள். கவலை நியாயமானதே. அதனால்தான் சோதனைச் சான்றிதழ், கட்டணம், ஆய்வாளர் என்று எதுவும் சேர்க்காமல், விற்பவரின் கையெழுத்திட்ட இரண்டு வரி உறுதிமொழியோடு நிறுத்த வேண்டும். தெரியாத இடத்தில் ‘தெரியவில்லை’ என்று எழுதும் உரிமையும் வேண்டும். தண்டனை, தெரிந்தே பொய் சொன்னவருக்கு மட்டும்.

▣ பெட்டிச் செய்தி: வாங்கும்போது கேளுங்கள்

• முழுதும் இங்கே செய்ததா, கோத்தது மட்டும் இங்கேயா?
• வார்ப்பா, கையால் வெட்டி இழைத்ததா? பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டச் சொல்லுங்கள்.
• கல் பதித்ததா, ஒட்டியதா?
• அடி உலோகம் வெள்ளியா, செம்பா, பித்தளையா?
• புவிசார் குறியீட்டுப் பொருள் என்றால், விற்பவர் அல்லது செய்தவர் அங்கீகரிக்கப்பட்ட பயனராகப் பதிவு பெற்றவரா?
• பதில்களை பில்லில் எழுதித் தருவார்களா?

இந்தக் கேள்விகளுக்குத் தயங்காமல் பதில் சொல்கிற கடைக்காரரிடம் வாங்குங்கள். மணி வெளிநாடு என்று அவர் சொன்னால் அதற்காக விலகிப் போகாதீர்கள். உண்மை சொன்னதற்காகவே இன்னொரு முறை அவரிடம் போங்கள். கைவேலைக்கு நாம் கூடுதலாகத் தரும் பணம், கையால் வேலை செய்தவருக்குப் போய்ச் சேர்வதற்கு அந்த இரண்டு வரிகள்தான் வழி. விதி எழுதுகிறவர்கள் அந்த இரண்டு வரிகளுக்கு இடம் விடட்டும். வாங்குகிற நாம் அவற்றைக் கேட்டு வாங்கும் பழக்கத்தை இந்தக் கல்யாண சீசனிலேயே தொடங்குவோம்.